நாதஸ்வரம் பழக வருகிறீர்களா? வாத்தியத்தைக் கடைசியில் வாங்குங்கள்

நாதஸ்வரம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாக ஒரு நாதஸ்வரம் வாங்கிவிடுகிறார்கள். அது வீட்டு அலமாரியில் பட்டுத்துணி சுற்றிக் கிடக்கிறது. ஊதிப் பார்த்தால் காற்று மட்டும் வருகிறது, அல்லது வாத்து கத்துவது போல ஒரு சத்தம். மரத்தில் குறை இருக்காது. இந்த வாத்தியத்தில் ஒலி பிறப்பது மரத்தில் இல்லை, அதன் தலையில் செருகும் நாணல் ஊதுவாயான சீவாளியில். சீவாளியை வாயில் வைக்கத் தெரிவதற்கு ஓர் ஆசான் வேண்டும். ஆசான் சொன்ன பிறகுதான் எந்த அளவு வாத்தியம் என்பதே தெரியும். ஆகவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: இடம், ஆசான், குரல், சீவாளி, அப்புறம் மரம்.

முதலில் ஓர் இடம்

தேர் நகரும்போது, வடம் பிடிக்கும் கூட்டத்தின் இரைச்சலையும் வேட்டுச் சத்தத்தையும் தாண்டி, நாலு வீதிக்கும் கேட்க வேண்டும் என்று உருவான வாத்தியம் இது. மைக் வருவதற்குப் பல காலம் முன்பிருந்தே அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அதை எட்டுக்குப் பத்து அறைக்குள் வாசித்தால் உங்கள் காதுக்கும் நல்லதில்லை, பக்கத்து வீட்டாரின் பொறுமைக்கும் நல்லதில்லை. துணியைத் திணித்து ஒலியைக் குறைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். அடைத்து ஊதினால் மூச்சின் அளவும் உதட்டின் அழுத்தமும் தப்பாகப் பழகிவிடும்.

ஊரில் இருப்பவர்களுக்குத் தோப்பு, ஆற்றங்கரை, உற்சவம் இல்லாத நாளில் கோயில் மண்டபம் என்று வழி இருக்கிறது. நகரத்தில் மொட்டை மாடிதான். அதற்கும் நேரம் பார்த்து, கீழ் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. பரீட்சை மாதத்தில் குழந்தைகள் உள்ள வீடுகளிடம் முன்கூட்டியே பேசிவைப்பது புத்திசாலித்தனம்.

ரத்த அழுத்தம், குடலிறக்கம், காதுத் தொந்தரவு இருப்பவர்கள் தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு மூச்சு நிறையவே வேண்டும்.

ஆசானைத் தேடுவது

தமிழ்நாட்டில் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நல்ல வழி மாவட்ட அரசு இசைப்பள்ளிகள். குரலிசை, வீணை, மிருதங்கத்தோடு நாதஸ்வரம், தவில் இரண்டுக்கும் அங்கே தனி ஆசிரியர்கள் உண்டு. பொதுவாக 12 முதல் 25 வயதுக்குட்பட்டவர்களைச் சேர்க்கிறார்கள், மூன்றாண்டுப் படிப்பு. நாதஸ்வரத்துக்குப் பெரிய கல்வித் தகுதி எதுவும் கேட்பதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். அதற்கு மேல் படிக்கத் திருவையாறு, சென்னை போன்ற ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை உண்டு. பழனிக் கோயில் நடத்தும் தவில், நாதஸ்வரப் பள்ளியும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு அளவெட்டி, இணுவில் பக்கத்திலேயே பரம்பரை வித்வான்கள் கிடைப்பார்கள். பேர்பெற்ற நாதஸ்வர வித்வான் என்.கே.பத்மநாதன் அளவெட்டிக்காரர்.

வேலைக்குப் போகிறவர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள் என்ன செய்வது? கோயிலுக்குப் போங்கள். சாயரட்சை என்னும் மாலைப் பூஜை நேரத்தில் நாயனம் (நாதஸ்வரத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள்) வாசிக்கும் கோயிலாகப் பார்த்து, சில நாள் தொடர்ந்து போய்க் கேளுங்கள். வாசித்து முடித்து வாத்தியத்தை உறையில் போடும்போது பேச்சுக் கொடுங்கள். தீபாராதனைக்கு அவர் எழுந்து நிற்கும்போது போய் நிற்காதீர்கள். அநேகமாக உரையாடல் இப்படிப் போகும்:

“ஐயா, எனக்கு நாயனம் பழகணும்னு ஆசை.”

“பாடுவீங்களா?”

“பாட்டெல்லாம் வராதுங்க.”

“அப்ப மொதல்ல பாட்டு.”

இதில் மனம் உடைய வேண்டாம். உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை, பாடத்தைத் தொடங்கிவிட்டார். சேர்வதற்கு விஜயதசமியைப் பலர் விரும்புவார்கள். வெற்றிலை பாக்கு, பழம், பூ, முடிந்த தட்சிணையோடு ஒரு தட்டு. மாதச் சம்பளம் எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள் என்பதை அன்றே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். கூச்சப்பட்டுப் பேசாமல் விட்டால் இரண்டு தரப்புக்கும் சங்கடம். முகூர்த்த மாதங்களில் அவருக்கு ஒரு நாளில் இரண்டு கல்யாணம் இருக்கும், பாடம் தள்ளிப்போகும் என்பதையும் எதிர்பாருங்கள். ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள். கோயில் வேலை போக மீதி நேரம் மாணவர்களுக்குக் கிடைக்கும்.

யூடியூபைப் பார்த்துத் தனியாகப் பழகலாமா? விரல் அடைப்பு ஓரளவு வரும். உதடு சீவாளியை எங்கே கவ்வுகிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பது காமிராவில் தெரியாது. அதுதானே பாதி வித்தை!

குரலும் தாளமும்

மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்னும் அடிப்படைச் சுரப் பயிற்சிகள். கர்நாடக சங்கீதத்தில் எல்லாரும் நுழையும் அதே வாசல்தான். நாதஸ்வரத்துக்கு இது கூடுதலாகத் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் அந்தச் சுரம் வந்துவிடும். இங்கே அப்படியில்லை. ஒரே துளையை ஒரே மாதிரி திறந்து வைத்தாலும், உதட்டின் இறுக்கத்தையும் காற்றின் வேகத்தையும் மாற்றினால் சுரம் மேலும் கீழும் நகரும். எந்தச் சுரம் வேண்டும் என்று மனசுக்குள் முதலில் கேட்டிருந்தால்தான் உதடு அங்கே போய் நிற்கும். பாடிப் பழகாதவரின் நாயனம் அபசுருதியாகவே இருப்பதற்கு இதுதான் காரணம்.

சுருதிப் பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள், அல்லது மொபைலில் ஆப் போதும். முன்பெல்லாம் இந்த வேலையை ஒத்து செய்துகொண்டிருந்தது. பார்க்க நாதஸ்வரம் போலவே இருக்கும், விரல் துளைகள் இருக்காது, ஆதார சுருதியை மட்டும் விடாமல் ஊதுவார்கள். இன்று பெரும்பாலான மேளங்களில் ஒத்துக்காரரின் இடத்தில் மின் சுருதிப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பழைய ஒத்தின் கனம் பெட்டியில் வராது என்பது என் அபிப்பிராயம். ஆனால் பழகுகிறவருக்குப் பெட்டி வரப்பிரசாதம்.

வாத்தியத்தின் உறுப்புகள்

பட்டறையிலும் ஆசான் வீட்டிலும் புழங்கும் பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் வாங்கும்போது ஏமாற மாட்டீர்கள்.

நீண்ட மரக்குழல்தான் உலவு. உள்ளே மேலிருந்து கீழாக அகன்றுகொண்டே போகும் கூம்புத் துவாரம். அடியில் புனல் போல விரிந்திருப்பது அணசு. உலவு ஆச்சா மரத்தில் கடைவது மரபு. அணசை வாகை போன்ற வேறு மரத்தில் செய்வதுண்டு, உலோகத்திலும் உண்டு. உலவின் மேல் முனையில் செருகும் சிறிய உலோகக் குழல் கெண்டை. கெண்டையின் மேல் உட்காருவது சீவாளி. கூடவே சில சீவாளிகளும் ஓர் ஊசியும் நூலில் கட்டி வாத்தியத்தின் கழுத்தில் தொங்கும். அதை அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கச்சேரி நடுவில் சீவாளி மக்கர் பண்ணினால் மாற்றுவதற்குத்தான் அது.

துளைகள் மொத்தம் 12. மேலே இருக்கும் 7 துளைகள் மட்டுமே விரலுக்கு. அதற்குக் கீழே உள்ள 5 துளைகளில் விரல் படாது. அவற்றை மெழுகால் தேவைக்கேற்ப அடைத்தும் திறந்தும் வாத்தியத்தின் சுருதியையும் நாதத்தையும் சரிசெய்து வைப்பார்கள். புதிதாக வாங்கியவர்கள் அந்த மெழுகை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டிவிடுவது உண்டு. கை வைக்காதீர்கள். பின்பக்கம் கட்டைவிரலுக்குத் துளை கிடையாது.

எந்த அளவு?

சின்னது திமிரி. சுருதி உயர்ந்தது, ஏறக்குறைய 4 கட்டை, 5 கட்டையில் பேசும். பெரியது பாரி. 2 கட்டை, இரண்டரைக் கட்டையில் கனமாகப் பேசும். நடுவில் 3 கட்டை அளவில் இடைப்பாரி என்று ஒன்று. கட்டைக் கணக்கு புரியாதவர்களுக்கு: ஆர்மோனியத்தில் ஸ வைக்கும் வெள்ளைக் கட்டைகளை ‘ஸி’யிலிருந்து எண்ணினால் முதலாவது 1 கட்டை, இரண்டாவது 2 கட்டை. இடையில் வரும் கறுப்புக் கட்டைதான் ‘அரை’.

முந்தைய தலைமுறைகளில் திமிரியே கோலோச்சியது. இன்று கச்சேரியிலும் கல்யாணத்திலும் நீங்கள் கேட்பது பெரும்பாலும் பாரி. இந்த மாற்றத்தின் நடுவில் நிற்பவர் நாதஸ்வர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). கும்பகோணம் – மயிலாடுதுறை சாலையில் ஆடுதுறைக்கு அருகே உள்ள நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி, சுத்த மத்யமம் (‘ம’ சுரத்தின் இரண்டு வகைகளில் தாழ்ந்தது) சுத்தமாகப் பேசும்படி அளவுகளைத் திருத்தி, 1950-களில் அவருக்கு ஒரு பாரி நாயனம் கடைந்து கொடுத்தார். அந்த அளவே பிறகு பலருக்கும் அளவாயிற்று. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அதற்காகத் தொடக்கத்திலேயே பாரி வாங்க வேண்டும் என்பதில்லை. பாரியில் துளைகளுக்கு இடையே தூரம் அதிகம். கடைசித் துளைக்கு வலக்கைச் சுண்டுவிரல் நீள வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கை எட்டாது. எட்ட வைக்க முயன்றால் மணிக்கட்டு வளைந்து, துளை பாதி திறந்து, சுரம் கெடும். பிள்ளைகளுக்குச் சிறியதில் தொடங்கி, கை வளர்ந்ததும் மாற்றுவதே வழக்கம். பெரியவர்களுக்கு ஆசான் எந்தக் கட்டையில் வாசிக்கிறாரோ அதே கட்டை. சேர்ந்து வாசிக்கும்போது தொந்தரவு இருக்காது. முதல் சில மாதங்களுக்கு அவரிடமே பழைய வாத்தியம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலான வித்வான்கள் வீட்டில் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும்.

மரம் பார்த்து வாங்குவது

ஆச்சா கனமான, வைரம் பாய்ந்த மரம். பச்சை மரத்தைக் கடைந்தால் காய்ந்து வெடிக்கும், வளையும். வளைந்தால் உள்துவாரமும் வளையும், சுருதி போய்விடும். அதனால்தான் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூணுக்கும் உத்தரத்துக்கும் ஆசாரிகளிடம் மதிப்பு. பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் காய்ந்த மரம் இனிமேல் எங்கே வளையப்போகிறது?

முடிந்தால் பட்டறைக்கே போங்கள், ஆசானையும் அழைத்துக்கொண்டு. கடைசல் பட்டறையில் நீள்கட்டை சுழல, உளி பட்டு மரம் சுருள்சுருளாக உதிர்வதைப் பார்ப்பதே தனி அனுபவம். வெளிவடிவம் எளிதாக வந்துவிடும். கஷ்டம் உள்ளே. நீண்ட கம்பியால் துளையிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூம்பாக அகற்ற வேண்டும். கை கொஞ்சம் விலகினால் கட்டையே வீண். ஆகவே நீங்களும் உள்ளே பாருங்கள். கெண்டையைக் கழற்றி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, அடிவாயிலிருந்து ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தால் வட்டம் வட்டமாகவே சிறுத்துப் போக வேண்டும். பக்கவாட்டில் ஒதுங்கினாலோ, படிப்படியாக வரம்பு தெரிந்தாலோ வேண்டாம். வெளியே மரத்தின் ரேகை நெடுக ஓடியிருக்கிறதா, துளைகளின் ஓரத்தில் சிலும்பு இருக்கிறதா, துளைக்கும் துளைக்கும் நடுவே முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பளபளவென்று வார்னிஷ் ஏற்றியிருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். விரிசலை மறைக்க அதைவிட வசதி வேறில்லை.

கடைசிப் பரீட்சை காதுக்கு. ஆசான் தன் சொந்தச் சீவாளியைப் போட்டு வாசித்துப் பார்க்கட்டும். கடைக்காரர் கொடுக்கும் சீவாளியில் பார்த்தால் குறை மரத்திலா சீவாளியிலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சுருதிப் பெட்டியை வைத்து ஸ, ப, மேல் ஸ மூன்றும் உதட்டை வருத்தாமல் நேராக நிற்கின்றனவா, இரண்டு மத்யமங்களும் சுத்தமாக வருகின்றனவா என்று பார்த்தால் போதும். அவர் முகத்தைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

கைவினைக் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் செதுக்கு வேலையும் பித்தளைப் பூணுமாக அழகான நாதஸ்வரங்கள் விற்பார்கள். வரவேற்பறையில் வைப்பதற்கு அவை நன்றாகத்தான் இருக்கும். வாசிப்பதற்கு வாங்காதீர்கள்.

சீவாளி

இங்கே நிதானமாக இருப்போம்.

காவிரி, கொள்ளிடக் கரைகளில் வளரும் கொறுக்கை என்னும் நாணல் வகைத் தட்டையிலிருந்து செய்வது சீவாளி. தட்டையை வெட்டி, நாள்பட வைத்து, அவித்துக் காயவைத்துப் பதப்படுத்திய பிறகு, அடியை உருண்டையாக நூலால் கட்டி, நுனியை விசிறி போலத் தட்டையாக்கி, இரண்டு இதழாக அமைப்பார்கள். நீங்கள் ஊதும்போது இந்த இரண்டு இதழ்களும் படபடவென்று மூடித் திறக்கின்றன. அந்த அதிர்வைத்தான் உலவு வாங்கிப் பெரிதாக்குகிறது. திருவாவடுதுறை சீவாளிக்குப் பேர்போன ஊர். நரசிங்கம்பேட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரே பயணத்தில் இரண்டையும் முடித்துக்கொள்ளலாம்.

ஒன்றாக வாங்காதீர்கள். ஒரு கொத்து வாங்குங்கள். ஒரே கை, ஒரே நாளில் செய்த சீவாளிகளிலேயே ஒன்று கல்யாணி பாடும், இன்னொன்று வாயே திறக்காது. நான்கில் ஒன்று நன்றாக அமைந்தாலும் லாபம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கநிலைக்கு இதழ் மெல்லியதாக, கொஞ்சம் இளகலாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வித்வான்கள் வாசிக்கும் அழுத்தமான சீவாளியில் உங்களுக்குக் காற்றே போகாது. கன்னம் வலிக்கும், வெறுத்துப்போகும்.

தினமும் செய்ய வேண்டியது இது:

1. வாசிக்கும் முன் சீவாளியின் நுனியை வாயில் வைத்து நனையவிடுங்கள். உலர்ந்த சீவாளியை நேராக ஊதினால் இதழ் பிளக்கும். நனைந்ததும் இதழ்கள் மெல்ல விரிந்து இடையில் ஒரு மெல்லிய கீற்று தெரியும்.

2. கீற்று அடைத்துக்கொண்டிருந்தால் ஊசியை உள்ளே விட்டு மெதுவாக நெகிழ்த்துங்கள். அதிகம் விரிந்திருந்தால் விரல் நுனிகளால் இரண்டு பக்கமும் லேசாக அழுத்திப் பிடியுங்கள். விரிந்த சீவாளி நிறையக் காற்றைக் கேட்கும், சுருதி இறங்கி நிற்கும். மூடிய சீவாளி மூக்கடைத்த குரலில் பேசும்.

3. மரத்தில் மாட்டும் முன் சீவாளியை மட்டும் ஊதிப் பாருங்கள். கூர்மையாக, தங்குதடையில்லாமல் கத்த வேண்டும். அது கத்தாவிட்டால் நாதஸ்வரமும் பேசாது. கையில் பிடித்து ஊதும் இந்தப் பயிற்சியை முதல் சில நாட்களுக்குப் பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் வேண்டாம்.

4. கெண்டையில் பொருத்தும்போது இடைவெளி இருந்தால் நூல் சுற்றி இறுக்குங்கள். காற்று கசிந்தால் மேல் சுரங்கள் வராது.

5. சுருதி சேர்ப்பதும் இங்கேதான். உள்ளே தள்ளினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். மயிரிழை நகர்த்தினாலே வித்தியாசம் கேட்கும்.

6. வாசித்து முடித்ததும் எச்சிலை ஊதித் தள்ளி, துணியில் ஒற்றி, காற்றோட்டமான டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

புதுச் சீவாளி முதல் நாளே ஒத்துழைக்காது. தினம் கொஞ்ச நேரம் வாசித்துப் பழக்க வேண்டும். நன்றாக அமைந்த ஒன்றை எல்லா நாளும் போட்டுத் தேய்க்காமல், இரண்டு மூன்றை மாற்றி மாற்றி வாசியுங்கள். கத்தியால் சீவி இதழை மெலிதாக்குவது ஆசானின் வேலை. ஒரு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தால் அவரே கத்தியைக் கையில் கொடுப்பார்.

முதல் ஒலி

சம்மணம் போட்டு, முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். வாத்தியம் உடம்புக்கு முன்னால் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். இடக்கை மேலே, வலக்கை கீழே. இடக்கையில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மேல் மூன்று துளைகளுக்கு. வலக்கையின் நான்கு விரல்கள் கீழ் நான்குக்கு. கட்டைவிரல்கள் அடியில் தாங்கும். விரல் நுனியால் குத்தாமல், விரலின் சதைப்பகுதியால் துளையை மூடுங்கள். அரைத்துளை, கால்துளை என்று சரிக்கும் வேலையெல்லாம் பிறகு இந்தச் சதையில்தான் நடக்கப்போகிறது.

சீவாளி உதடுகளுக்கு நடுவே, பல் படாமல். கடிக்கிற பழக்கம் முதல் வாரத்தில் வந்துவிட்டால் போக்குவது கடினம். மூச்சு அடிவயிற்றிலிருந்து. தொண்டையை இறுக்கினால் கழுத்து நரம்பு புடைக்கும், ஒலி மெலியும்.

ஆசான் காட்டும் விரலடைப்பில் ஒரே ஒரு ஸட்ஜம். சுருதியோடு ஒட்டும்வரை, ஆடாமல், மூச்சு தீரும்வரை. அவ்வளவுதான் முதல் பாடம். சலிப்பாக இருக்கும். ஆனால் இந்த ஸ நேராக நிற்காமல் தோடியும் இல்லை, கல்யாணியும் இல்லை.

அன்றாடச் சாதகம்

விடியற்காலை நல்லது என்பார்கள், வயிறு காலியாக இருப்பதால். சாப்பிட்டவுடன் வாசிக்க முடியாது என்பதை முதல் நாளே தெரிந்துகொள்வீர்கள். தொடக்கத்தில் கால் மணி நேரம் தாண்டினால் உதடு தளர்ந்து காற்று ஒழுகும். ஒழுக ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். தளர்ந்த உதட்டோடு வாசித்தால் தப்பான பிடிதான் பழகும். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்வது மேல். மீதி நேரத்தில் பாடுங்கள், வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு ஊதாமல் விரலை மட்டும் ஓட்டுங்கள்.

நீள ஸ்வரங்களுக்குப் பிறகு சரளி வரிசை. ஒவ்வொரு வரிசையையும் முதலில் பாடி, பிறகு ஊதி, மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும். அதே வரிசையை இரண்டு விதமாக வாசிக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால் தட்டித் தட்டி எழுப்புவது துத்துக்காரம். நாக்கை அசைக்காமல் ஒரே மூச்சில் விரலால் மட்டும் சுரங்களை உருட்டிக்கொண்டு போவது அகாரம். துத்துக்காரம் சுரத்துக்குத் துல்லியம் தரும், அகாரம் சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்துக்கு வழி திறக்கும். புதியவர்களுக்குத் துத்துக்காரம் எளிதாக இருப்பதால் அதிலேயே தங்கிவிடுவார்கள். வாசிப்பு வெட்டி வெட்டி நிற்கும். இரண்டையும் சமமாகப் பழகுங்கள்.

கேட்பது தனிப் பாடம். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனைப் பதிவு இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் போகிறார் என்று மட்டும் முதலில் கவனியுங்கள். அவரிடம் குருகுலவாசம் செய்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதத்தில் குழைவைக் கேளுங்கள். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனிடம் சுருதியை. தஞ்சை மண்ணில் பிறக்காதவர்களுக்கு இது வராது என்று யாராவது சொன்னால் ஷேக் சின்ன மௌலானாவைப் போட்டுக் காட்டுங்கள். ஆந்திரத்தின் கரவடியிலிருந்து வந்து, நாச்சியார்கோயில் வித்வான்களிடம் தஞ்சை பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறி வாசித்தவர் அவர்.

பராமரிப்பு

வாசித்ததும் நூலில் கட்டிய மெல்லிய துணியை உள்ளே விட்டு இழுத்து ஈரத்தை எடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். ஏ.சி. காற்று நேராகப் படும் இடமும் வேண்டாம். எண்ணெய் பூசுவதென்றால் எந்த எண்ணெய், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை அந்த மரத்தைக் கடைந்தவரே சொல்லட்டும். பருத்தித் துணி உறை போதும்.

கோயிலில் வாசிக்கும் நாள்

வர்ணம் வரை வந்தபிறகு மல்லாரி சொல்லிக்கொடுப்பார்கள். சுவாமி புறப்பாட்டுக்கென்றே உள்ள உருப்படி, சாகித்யம் கிடையாது, கம்பீரநாட்டையில் அமைந்தது. தவிலோடு பின்னிப் பிணைந்து பல காலங்களில் போகும். தீர்த்தம் கொண்டுவர ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒன்று, தேருக்கு ஒன்று என்று சடங்குக்கேற்ப வகைகள் இருக்கின்றன. கேட்பவர்களுக்கு வீதியின் அந்தக் கோடியிலேயே என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும்.

ராகத்துக்கும் வேளை உண்டு. விடியலில் பூபாளம், பௌளி. மாலையில் பூர்விகல்யாணி, கல்யாணி. பள்ளியறைக்கு நீலாம்பரி. கச்சேரி மேடையில் இதை யாரும் கெடுபிடியாகப் பார்ப்பதில்லை. கோயிலில் பார்ப்பார்கள். காலைப் பூஜையில் நீலாம்பரி எடுத்தால் குருக்களே திரும்பிப் பார்ப்பார்.

முதல் முறை உங்களைத் தனியாக வாசிக்க விடமாட்டார்கள். ஆசானுக்குப் பக்கத்தில் இரண்டாவது நாயனமாக நின்று, அவர் வாசித்ததைத் தொடர்ந்து வாசிப்பீர்கள், அல்லது சுருதி பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். அதற்கு முன்பே சில மாதங்கள் ஒரு தவில்காரரோடு உட்கார்ந்து பழகியிருப்பது அவசியம். பக்கத்தில் தவில் முழங்கும்போது உங்கள் சுருதிப் பெட்டி உங்களுக்கே கேட்காது. ஸ எங்கே இருக்கிறது என்பதை உதடு நினைவில் வைத்திருக்க வேண்டும்.

புறப்பாட்டில் வாசிப்பது நடந்துகொண்டே வாசிப்பது. சுவாமிக்கு முன்னால் மேளம் போகும். நிற்கும் இடத்தில் நின்று, நகரும்போது நகர வேண்டும். மூச்சு வாங்கும். இதற்கென்று தனியாக ஒரு பழக்கம் வேண்டும், மொட்டை மாடியில் மெல்ல நடந்துகொண்டே சரளி வரிசை வாசித்துப் பாருங்கள். தீவட்டிப் புகை, கற்பூரப் புகை, தீபாவளிக்கு ஈடான வேட்டு எல்லாம் இருக்கும். தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, இடுப்பில் செருகிய சின்ன டப்பாவில் நனைத்துத் தயாராக வைத்த இரண்டு சீவாளி. சட்டைப்பையை நம்பாதீர்கள், கோயிலில் சட்டையைக் கழற்றச் சொல்லிவிடுவார்கள்.